எல்லாப் பெயரும் சிரிப்பு முகத்தில்

எங்கள் பாடசாலைச் சுவரை நம்பினால், மூன்றாம் தரத்தில் கவலையுள்ள பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. அந்தச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் ஐந்து முகங்கள்: சிரிப்பு, சும்மா, கோபம், பயம், அழுகை. காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர்த் துண்டை அன்றைய மனநிலைக்குரிய முகத்துக்குக் கீழே உடுப்புக் கிளிப்பால் மாட்ட வேண்டும். தவறாமல் மாட்டுகிறார்கள். சிரிப்பு முகத்தின் கீழ் இடம் போதாமல் கிளிப்புக்கு மேல் கிளிப்பாகத் தொங்குகிறது. மற்ற நான்கு முகங்களும் வேலை வெட்டி இல்லாமல் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இந்த அட்டை டித்வா புயலுக்குப் பிறகு வந்தது. 2025 நவம்பர் கடைசியில் இங்கே நடந்ததை மலையகத்தில் இருக்கிற யாருக்கும் நான் விவரிக்கத் தேவையில்லை. இலங்கை முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பெரும்பகுதி கண்டி, நுவரெலியா, பதுளை என்று நம் மாவட்டங்களில். இராகலைக்கு அப்பால் உள்ள எங்கள் தோட்டத்தில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பணிய லயத்துக்கு, அதாவது கீழே உள்ள தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் மலை வாய் பிளந்துவிட்டது. அங்கிருந்த குடும்பங்கள் எல்லாம் எங்கள் பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். பாடசாலை திரும்பத் திறந்த அன்று ஒரு பையன் தன் வாங்கைத் தள்ளிவிட்டுத் தரையைக் காட்டி, "டீச்சர், நாங்க இங்கதான் படுத்தோம், தம்பி அந்தா அங்க" என்று இடம் பிரித்துக் காட்டினான். அந்த இடத்தில்தான் அவனுக்கு இப்போது பெருக்கல் வாய்ப்பாடு நடக்கிறது.

அப்புறம் ஆசிரியர்களான எங்களுக்குப் பயிற்சி வந்தது. டவுனில் ஒரு நாள் முழுக்க, சாப்பாட்டுடன். கொழும்பிலிருந்து வந்த இளம் பிள்ளைகள், நல்ல மனசுக்காரர்கள், தமிழும் சுத்தமாகப் பேசினார்கள். பிள்ளைகள் தங்கள் உணர்வைப் பெயர் சொல்லி அடையாளம் காண வேண்டும், அதற்கு வகுப்பில் ஒரு பழக்கம் வேண்டும் என்றார்கள். பிழையான பேச்சு இல்லை. அட்டையும் வழவழவென்று, ஈரம் பட்டாலும் ஊறாத அட்டை. அதை மாட்டிய நாளிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல். பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்பதற்காக அல்ல. அந்த இடத்தில் யார்தான் உண்மை சொல்வார்கள் என்பதுதான் என் உறுத்தல்.

மறைவில்லாத மண்டபம்

தோட்டப் பாடசாலையில் படித்தவர்களுக்குத் தெரியும், வகுப்பறை என்பது பேச்சுக்குத்தான். ஒரு நீள மண்டபம். மூன்றாம் தரமும் நான்காம் தரமும் முதுகோடு முதுகு. ஒரு கோடியில் ஐந்தாம் தரம், மறு கோடியில் அதிபரின் மேசை. நடுவில் தடுப்பு என்றால் ஒரு கரும்பலகை. நான் இங்கே கணக்குச் சொன்னால் நான்காம் தரத்துப் பிள்ளை அங்கிருந்து விடை சொல்லும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு எட்டு வயதுப் பிள்ளை எழும்பி நடந்து போய், தன் பெயரை அழுகை முகத்தின் கீழே மாட்ட வேண்டும். அதுவும் காலை எட்டு மணிக்குள். மாட்டினால் இடைவேளைக்குள் 'அழுமூஞ்சி' என்று பெயர் வந்துவிடும். எங்கள் தோட்டத்தில் ஒரு பட்டப்பெயர் ஒட்டினால் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் கூட வரும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பிள்ளைகளில் பலர் அம்மாயி, அப்பாயி கையில் வளர்கிறவர்கள். அம்மா குவைத்திலோ சவூதியிலோ இருப்பார், அப்பா கொழும்பில் கடையில் நிற்பார். கிழவிகள் காலையில் தலைசீவி விடும்போதே சொல்லி அனுப்புவது, "வீட்டு விசயத்த பள்ளிக்கூடத்துல போய் ஒப்பிக்காத." இதை நான் குறை சொல்லமாட்டேன். பத்துக் காம்பராவுக்கு ஒரே கூரை, ஒரே சுவர் என்று வாழ்கிற இடத்தில் வீட்டு மானத்தைக் காப்பாற்ற இருக்கிற ஒரே கதவு வாய்தான். அந்தக் கதவை ஒரு கிளிப்பைக் கொடுத்துத் திறக்கப் பார்க்கிறோம்.

பிள்ளைகள் அட்டையை என்னவாக எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு ஒரு நாள் புரிந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கு ஒருவன் சொல்லிக்கொடுத்தான்: "அதுல போடு, அதான் சரி." கேள்வி என்று ஒன்று வந்தால் அதற்குச் சரியான விடை ஒன்று இருக்கும் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்றாம் தரம் வரைக்கும் விழுகிறது. சிரிப்பு முகம் அவர்களுக்குச் சரியான விடை. (ஐந்தாம் தரத்துக்கு அட்டையே கொடுக்கவில்லை. அவர்களுக்கு மாதிரி வினாத்தாள் இருக்கிறது, மனநிலைக்கு நேரமில்லை. யாரும் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.)

மழைக் காலைகளும் வயிற்றுவலியும்

உண்மை வேறு வழியாக வந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் பக்கம் டிசம்பர், ஜனவரி என்றால் வடகீழ் மழை. பாடசாலை திறந்ததும் மழையும் திரும்ப வந்தது. மழை பிடித்த காலைகளில் வயிற்றுவலிக்காரர்கள் கூடினார்கள். வயிறு, தலை, கால் என்று ஏதாவது ஒன்று. இந்த வயதில் பயம் உடம்பு வழியாகத்தான் பேசும் என்பது மனநலம் படித்தவர்கள் எல்லாரும் சொல்வது. வலி நடிப்பல்ல, நிஜமாகவே வலிக்கும். சீனி போட்ட சாயத்தண்ணி கொடுத்துக் கொஞ்ச நேரம் படுக்க வைத்தால் சிலருக்குச் சரியாகும். சிலர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள்.

பயிற்சியில் சொன்ன வாசகம் ஒன்று, "பாடசாலை பாதுகாப்பான இடம் என்று பிள்ளைக்கு நினைவூட்டுங்கள்." சொல்லிப் பார்த்தால் அழுகை கூடியது. ஏன் என்று யோசித்தேன். இந்தப் பிள்ளைகள் தங்களுக்காகப் பயப்படவில்லை. தாங்கள் இங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கும்போது அங்கே வீடு போய்விட்டால், மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன அம்மா மேல் மண் விழுந்தால் என்பதுதான் பயம். இது கற்பனை அல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது காலை நேரத்தில். பாடசாலைக்குப் புறப்பட்டுப் போன பிள்ளைகள் பிழைத்தார்கள், திரும்பி வந்தபோது லயங்கள் இருந்த இடத்தில் சேறு இருந்தது. அப்போது பிறக்காத பிள்ளைகளுக்கும் இங்கே அந்தக் கதை தெரியும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் 'நீ இங்கே பத்திரம்' என்று சொல்வது, அதன் பயத்தை ஒத்துக்கொள்வதாகத்தான் முடியும்.

இடைவேளையில் வேறொன்று நடந்தது. மண்சரிவு விளையாட்டு. மைதான ஓரத்து மண்மேட்டில் சிரட்டைகளை வரிசையாகக் கவிழ்த்து லயம் கட்டுவார்கள். மேலிருந்து ஒருவன் மண்ணைத் தள்ளுவான். எல்லாம் மூடும். திரும்பக் கட்டுவார்கள், திரும்ப மூடும். பார்த்த பெரியவர்களுக்குப் பதறியது. அபசகுனம் என்று ஒரு தாய் வந்து சண்டை பிடித்தார், தடை செய்ய வேண்டும் என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது.

1976இல் கலிபோர்னியாவில் சௌசில்லா என்ற ஊரில் பாடசாலை பஸ்ஸோடு 26 பிள்ளைகளைக் கடத்தி, மண்ணுக்கடியில் புதைத்த லொறிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். பிள்ளைகள் தப்பிவிட்டார்கள். அவர்களைப் பிறகு வருடக்கணக்கில் கவனித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்களில் பலர் அந்தச் சம்பவத்தையே திரும்பத் திரும்ப விளையாடியதைப் பதிவு செய்தார். சாதாரண விளையாட்டில் இருக்கிற குதூகலம் அதில் இல்லை, எத்தனை முறை விளையாடினாலும் பயம் குறையவும் இல்லை என்பது அவர் கண்டது. ஆக, இப்படிப்பட்ட விளையாட்டு எல்லாமே ஆற்றும் என்று நம்பிவிடவும் முடியாது. தடுத்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும், அவ்வளவுதான். நான் பார்க்கத் தொடங்கியது ஒரே ஒரு விசயத்தை: விளையாட்டு மாறுகிறதா? கொஞ்ச நாள் மாறவில்லை. மூடுவது, கட்டுவது, மூடுவது. அப்புறம் ஒருவன் வாயால் உறுமிக்கொண்டு பெக்கோ இயந்திரமாக வந்தான். சிரட்டைகளைத் தோண்டி எடுத்தான். அடுத்த நாள் ஹெலிகொப்டர் வந்தது. அதற்கடுத்து ஒரு பிள்ளை, மண் தள்ளுவதற்கு முன்னாலேயே சிரட்டைகளை அள்ளிக்கொண்டு ஓடினாள். "நாங்க போயிட்டோம், இனித் தள்ளு" என்றாள். விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

போத்தல்

சுற்றாடல் பாடத்துக்காக வகுப்பில் இன்னொரு அட்டையும் உண்டு, காலநிலை அட்டை. வெயில், முகில், மழை, காற்று. பழசு, ஓரமெல்லாம் கரையான் அரித்தது. இதில் மட்டும் பிள்ளைகள் உண்மையைத் தவிர வேறு பேசமாட்டார்கள். மழைப் படத்தை மாட்டுவதற்கு முன் பெரிய வாக்குவாதம் நடக்கும். "இல்ல டீச்சர், மேட்டு லயத்துல ராத்திரியே பெஞ்சிச்சு." "எங்க பக்கம் தூறல்தான்." "எங்க லயத்துக்குப் பின்னுக்கு ஊத்துத் தண்ணி செம்மண்ணா வருது." தரையில் வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்று திடீரென்று கலங்குவது என்று மண்சரிவுக்கு முந்தைய அடையாளங்களாகத் துண்டுப்பிரசுரத்தில் போடுவதை எல்லாம் இவர்கள் பெயர் தெரியாமலே ஒப்பித்தார்கள். 'நீ எப்படி இருக்கிறாய்' என்று கேட்டால் வராத பேச்சு, 'உன் வீட்டுப் பக்கம் மழை எப்படி' என்றால் கொட்டுகிறது.

ஆகவே மழையை அளக்கலாம் என்று தொடங்கினோம். ஒன்றரை லீற்றர் போத்தலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகினோம். அடியில் கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, அங்கிருந்து பூச்சியம். வெளியே அளவுகோலாக ஓர் அடிமட்டம் ஒட்டினோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சொல்கிற அளவுகளில் நிறம் தீட்டினோம்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், கவனமாக இரு. 100 தாண்டினால் செம்மஞ்சள், வெளிக்கிடத் தயாராகு. 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 வந்தால் சிவப்பு, உடனே வெளியேறு. பெரியவர்களுக்கான எச்சரிக்கையை எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாமா என்று ஒரு ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில், பயம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது, அதற்கு ஒரு அடிமட்டத்தையாவது கொடுப்போம் என்பதுதான்.

பலன் தெரிந்தது. இரவெல்லாம் தகரத்தில் இரைந்து கொட்டிய மழை காலையில் பார்த்தால் 30 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மஞ்சள் எங்கேயோ இருக்கும். 'ஒன்றும் நடக்காது' என்று நான் சொன்னால் நம்பாத பிள்ளைகள் போத்தலை நம்பினார்கள். வயிற்றுவலி குறைந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் போத்தலைப் பார்த்த பிறகு அதைப் பற்றி முறைப்பாடு வருவது குறைந்தது.

அப்படியொரு காலையில்தான் அவள் கேட்டாள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. முதல் பாடத்திலேயே கொப்பி மேல் தலை சாயும். தவணை அறிக்கையில் 'கவனக்குறைவு, வகுப்பில் உறங்குகிறார்' என்று இருக்கும். அளவை எழுதிவிட்டு எல்லாரும் உட்காரப் போகும் நேரம், "டீச்சர், ராத்திரி யாரு பாக்குறது?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கரும்பலகைக்கு அந்தப் பக்கம் நான்காம் தரமும் எழுதுவதை நிறுத்திவிட்டது. நான் ஏதாவது சொல்வதற்குள் பிள்ளைகளே பதில் சொல்லத் தொடங்கினார்கள். "எங்க தாத்தாவுக்கு இருமல், அவரு தூங்கவே மாட்டாரு, அவரு பாப்பாரு." "எங்கப்பா போனுக்கு மெசேஜ் வரும்." "ஒங்க லயத்துல ஏதுடா சிக்னல்?" "தோட்டத் தலைவர் வந்து கதவத் தட்டுவாரு." "அன்னைக்கு யாரும் தட்டல, எங்க நாய்தான் கொலச்சிச்சு." லயம் லயமாக, காம்பரா காம்பராவாக, இரவில் யார் விழித்திருப்பார்கள், யாருக்குக் காது கேட்கும், யார் யாரை எழுப்புவார்கள் என்று ஒரு வரைபடமே வந்துவிட்டது. பயம் என்ற சொல்லை ஒரு பிள்ளைகூட உச்சரிக்கவில்லை. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, "ஒங்க வீட்ல யாரு மகள்?" என்று அவளைக் கேட்டேன்.

"நான்தான் டீச்சர். அம்மாயிக்குக் காது கேக்காது. தம்பி சின்னவன்."

அம்மா குவைத்தில். மழை சத்தம் கேட்கிற இரவுகளில் இவள் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே போய்ச் சுவரோரம் கைவைத்துப் பார்த்துவிட்டு வருவாளாம், மண் கிடக்கிறதா என்று. மழை விட்ட பிறகு படுப்பாள். பிறகு தம்பியைக் கழுவி, பாலர் பாடசாலையில் விட்டு, இங்கே வந்து கிளிப்பை எடுத்துச் சிரிப்பு முகத்தின் கீழே மாட்டுவாள்.

இந்தப் பிள்ளையிடம் போய் உன் உணர்வை அடையாளம் காண் என்று சொல்ல என்ன இருக்கிறது? அவளுக்குத் தன் உணர்வு நன்றாகத் தெரியும். ஒரு வேலையைத் தலையில் வைத்திருக்கிறாள், அந்த வேலை அவளுடையது அல்ல. அவளுக்குத் தேவைப்பட்டது, அந்த வேலையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ள ஒரு பெரிய ஆள். அன்று மாலை அம்மாயியைப் பார்க்கப் போனேன். கிழவி முதலில் கோபப்பட்டார், பிறகு அழுதார். பக்கத்துக் காம்பராக்காரர்கள், தலைவர் எல்லாரும் இஸ்தோப்பு விறாந்தையில் கூடினார்கள். லயத்துக் கோடிக் காம்பராவில் தேயிலை ஸ்டோரில் இரவுக் காவல் பார்த்து ஓய்வெடுத்த ஒரு தாத்தா இருக்கிறார். இரவில் விழித்தே பழகிய உடம்பு, இப்போதும் தூக்கம் வராது. அவர், "அட, இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே பாத்திருப்பேனே" என்றார். ஒரு போத்தலைச் செய்து அவர் வாசலில் வைப்பது, மஞ்சள் தாண்டினால் முதல் கதவாக அம்மாயியின் கதவைத் தட்டுவது என்று பேச்சு. அவள் முன்னாலேயே பேசச் சொன்னேன், தனக்கு விடுதலை என்று அவள் காதால் கேட்க வேண்டும் என்பதற்காக. முதல் மழைக்கு அவள் தூங்கவில்லை, தாத்தா முழித்திருக்கிறாரா என்று இரண்டு முறை போய்ப் பார்த்தாளாம். பிறகு தூங்கினாள்.

எல்லாப் பிள்ளைக்கும் இது போதும் என்று நான் நினைக்கவில்லை. மாதக்கணக்கில் பேச்சே குறைந்துபோன பிள்ளை, திரும்பப் படுக்கையில் சிறுநீர் போகிற பிள்ளை, சாப்பாட்டைத் தொடாத பிள்ளை மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். 1926 என்ற மனநல உதவி இலக்கமும் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கமும் எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக அம்மாவோ அப்பாவோ ஒரு பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், அங்கே தமிழில் பேச ஆள் வேண்டும். இதையெல்லாம் கணக்குப் பார்க்காமல் 'உதவி நாடுங்கள்' என்று எழுதி ஒட்டுவது சுலபம். பிள்ளையைத் தோண்டித் துருவிச் சம்பவத்தைச் சொல்ல வைக்கக் கூடாது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு முகாம் முகாமாகப் போய் அலையை வரையச் சொன்ன காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். சம்பவம் நடந்த கையோடு அப்படி விவரிக்க வைப்பதால் பயனில்லை என்று உலக சுகாதார நிறுவனமே பிறகு சொல்லிவிட்டது. அது 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்றே காரியம்: பார், கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு. மூன்றாவதைத்தான் நாம் எப்போதும் விட்டுவிடுகிறோம். ஆசிரியர்களை யார் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்பது வேறு கதை. எங்களில் ஒருவர் இன்னும் உறவினர் வீட்டிலிருந்துதான் வேலைக்கு வருகிறார்.

கொஞ்ச நாளைக்கு முன் பயிற்சிக்காரர்கள் விவரம் திரட்ட வந்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் வாரம் எத்தனை பிள்ளைகள் என்று ஒரு படிவம். எல்லாரும் சிரிப்பில் இருப்பதைப் பார்த்து முன்னேற்றம் என்று குறித்துக்கொள்ளப் போனார்கள். நான் மழைக் கொப்பியைக் காட்டினேன். அவர்களில் ஒரு பெண் பிள்ளை அதைப் புரட்டிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். ஒவ்வொரு நாளும் மில்லிமீற்றருக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ஏதாவது ஒரு வரி எழுதியிருப்பார்கள், 'அம்மா மலைக்குப் போகல', 'ரோடு மூடி', 'நாய் குட்டி போட்டுச்சி' என்று. படிவத்தில் இதற்கு இடம் இல்லையே என்றாள். கடைசியில் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனாள்.

இப்போது வகுப்பில் நடக்கிற சண்டை வேறு. தாத்தாவின் போத்தல் எங்கள் போத்தலைவிட எப்போதும் சில மில்லிமீற்றர் கூடக் காட்டுகிறது. முதலில் மேட்டில் மழை கூட என்றார்கள், அப்புறம் அவள்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், தாத்தா கூழாங்கல்லைக் கொட்டிவிட்டாராம், இடம் பிடிக்கிறது என்று. பூச்சியத்தையும் அடியிலேயே வைத்துவிட்டார். அடி குறுகி வளைந்திருப்பதால் தண்ணீர் மேலே ஏறி நிற்கிறது. "கூடக் காட்டினா நல்லதுதானே, முந்தியே ஓடலாம்" என்பது தாத்தாவின் கட்சி. சும்மா எழுப்பினால் அடுத்த தடவை ஒருவரும் எழும்பமாட்டார்கள் என்பது அவளுடைய கட்சி. மூன்றாம் தரம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை பாடம் முடிந்ததும் ஒரு குழு கூழாங்கல்லும் அடிமட்டமுமாக மேட்டுக்குப் போகிறது, தாத்தா சம்மதிப்பாரா என்று தெரியவில்லை.